மீன் வாங்குவதற்கு முன் ஒரு மாதம்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். பெருநாள் காசை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீன் தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கக் கூடாது. உருண்டைக் கண்ணாடிக் கோப்பையில் இரண்டு கோல்ட் பிஷ் போட்டு, மேலே ரிப்பன் கட்டி, பிள்ளையின் கையில் கொடுக்கும் பழக்கத்தை நம் ஊரில் நிறுத்த வேண்டும். மீன் வளர்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு முதலில் வாங்கிக் கொடுக்க வேண்டியது செடி. மீன் ஒரு மாதம் கழித்து வந்தால் போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு பெருநாள் விடுமுறை முடிந்ததும் வகுப்பில் இதே கதைதான். தரம் ஆறு பிள்ளைகளிடம் "பெருநாள் காசுக்கு என்ன வாங்கினீங்க?" என்று கேட்பேன். மூன்று நான்கு கைகள் "மீன் சேர்" என்று உயரும். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பத்து நாள் கழித்துக் கேட்டால், "மௌத்தாகிட்டு சேர். பரவால்ல, வாப்பா வேற வாங்கித் தாறன்டு சொன்னாரு" என்ற பதில் வரும். சொல்லும்போது அந்தப் பிள்ளைக்குக் கவலையே இருக்காது. அந்த "வேற" என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. பென்சில் உடைந்தால் வேற. பந்து வெடித்தால் வேற. உயிர் போனாலும் வேற. இதைப் பத்து வயதில் நாம்தான் காசு கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறோம்.

வாப்பாமார்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கடையில் கேட்டால், "ஒன்டும் இல்ல நானா, மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்துங்க, கொஞ்சம் சாப்பாடு போடுங்க" என்பார்கள். அவர்களுக்கு வியாபாரம். மீன் செத்தால் திரும்ப வருவீர்கள். (எல்லாக் கடைக்காரரும் அப்படியில்லை. தொட்டி பழகாத ஆளுக்கு மீன் விற்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பும் ஒருவரையும் எனக்குத் தெரியும். அவருடைய கடையில் கூட்டம் குறைவு.)

மீன் ஏன் சாகிறது? பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகள் எல்லாரும் இதற்கு விடை தெரிந்தவர்கள். அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. நைதரசன் வட்டத்தை வரையச் சொன்னால் அம்புக்குறி ஒன்று பிசகாமல் வரைந்து புள்ளி எடுப்பார்கள். அதே வட்டம் வீட்டு மேசையில் உள்ள கோப்பைக்குள் ஓடாமல் நின்றதால்தான் தம்பியின் மீன் செத்தது என்று மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை.

மீன் தின்கிறது, கழிவு விடுகிறது, செவுள் வழியாகவும் அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அமோனியாவாகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு. குளத்திலும் ஆற்றிலும் இதைத் தின்று வாழும் பற்றீரியாக்கள் கல்லிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு கூட்டம் அதை நைத்திரேற்று ஆக்கும். அது பெரிதாகச் சேராத வரைக்கும் மீனுக்குத் தீங்கில்லை, செடிக்கு உணவு. புதிதாகக் கழுவித் துடைத்த கண்ணாடித் தொட்டியில் இந்தப் பற்றீரியா இரண்டுமே இல்லை. அவை வந்து குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதற்கு முன் மீனைப் போட்டால் அது தன் கழிவுக்குள்ளேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

நம் பகுதியில் இது இன்னும் மோசம். சூடு கூடிய தண்ணீரிலும் காரத்தன்மை கூடிய தண்ணீரிலும் அமோனியாவின் நஞ்சு அதிகம். கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்தாலே தெரியும். கோல்ட் பிஷ்ஷோ குளிர்ந்த தண்ணீருக்குப் பழகிய, கெண்டைச் சாதி மீன். ஒழுங்காக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும், ஆறு அங்குலத்தையும் தாண்டி வளரும். அதைப் பிடித்து மே மாத வெயிலில் ஐந்து லீற்றர் கோப்பையில் அடைக்கிறோம். பத்து நாள் தாக்குப்பிடிப்பதே பெரிய விசயம்.

செடி உள்ள தொட்டி ஏன் வேறு மாதிரி? செடி அமோனியாவை நேரடியாகவே உறிஞ்சி எடுக்கும். பற்றீரியாவுக்கு வேரிலும் இலையிலும் இடம் கொடுக்கும். பகலில் ஒட்சிசன் விடும். மீன் ஒளிந்து நிற்க நிழல் கொடுக்கும். ஒளிய இடமுள்ள மீன் பயமில்லாமல் வெளியே வந்து நீந்தும், இதை வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் செடி இதில் ஒன்றையும் செய்யாது. அந்தச் சிவப்பும் நீலமுமான சாயக் கல்லும், குமிழி விடும் பிளாஸ்டிக் சிப்பியும் மீனுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. நமக்காக.

இதில் இலங்கைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. உலகம் முழுக்கத் தொட்டி வைப்பவர்கள் தொடக்கக்காரருக்கு முதலில் சொல்லும் செடிகளில் கிரிப்டோகோரைன் ஒன்று. அதில் மிகப் பிரபலமான வெண்டிட்டியை, பெக்கெட்டியை இரண்டும் இலங்கைக்கு மட்டுமே உரியவை. நம் நாட்டு ஈரவலயத்து ஓடைகளில், மர நிழலில், தானாக முளைத்துக் கிடப்பவை. வெண்டிட்டியைக்கு 1958 இல் பெயர் வைத்தவர் டி விட் என்ற ஒல்லாந்துத் தாவரவியலாளர். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஆட்கள் இதைக் கண்ணாடிக்குள் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நாம் அதே கடையில் அதே மேசையில் அதைத் தாண்டிப் போய் பிளாஸ்டிக் புல் வாங்குகிறோம்.

இந்தக் கிரிப்டோகோரைன் தொடக்கக்காரருக்கு நல்லதொரு வாத்தியார். வாங்கி நட்டதும் ஒரு கிழமையில் இலையெல்லாம் கரைந்து கூழாகிப் போகும். பார்த்தவுடன் "செத்துட்டு" என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பிடுங்கக் கூடாது. இடம் மாறினால் பழைய இலையை உதிர்ப்பது அதன் வழக்கம். அழுகிய இலையை மட்டும் எடுத்துவிட்டு வேரைத் தொடாமல் விட்டால் மூன்றாம் நான்காம் கிழமையில் புது இலை வரும். அந்த இலை உங்கள் தண்ணீருக்கும் உங்கள் வெளிச்சத்துக்கும் ஏற்றதாக வந்த இலை. அது நிலைத்து நிற்கும். அதற்குப் பிறகு அடிக்கடி இடம் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

சரி, எப்படித் தொடங்குவது? கேட்பவர்கள் நிறைய என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் இருந்தால் நல்லது. சுமார் 55 லீற்றர் பிடிக்கும். சிறிய தொட்டி லேசு என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் குறையக் குறைய ஒரு சின்னப் பிழைகூடப் பெரிய பிழையாகும். தீனி ஒரு சிட்டிகை கூடினாலே தண்ணீர் கெட்டுவிடும். புதிதாக வாங்கவும் தேவையில்லை. ஊரில் எத்தனை வீட்டுப் பின்பக்கத்தில் வெறும் தொட்டி கிடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அதற்குள் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள். அத்தனையும் மேலே சொன்ன கதையின் மிச்சம்தான். வாங்கியதும் முற்றத்தில் வைத்து நிறைய நிரப்பி ஒருநாள் விடுங்கள், ஒழுக்கு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பாரத்தை மறக்காதீர்கள். தண்ணீர், மண், கண்ணாடி எல்லாம் சேர 70 கிலோவுக்குக் குறையாது. டீவி வைக்கும் பலகை மேசை தாங்காது. சமமான, உறுதியான மேசை வேண்டும். அடியில் ஒரு ரிஜிபோம் தாள் போடுங்கள். ஜன்னல் வெயில் நேரே விழும் இடம் வேண்டாம். அங்கே வைத்தால் செடிக்கு முன் பாசி வளரும்.

மண்ணுக்கு ஆற்று மணல் போதும். கடற்கரை மணல் வேண்டாம். நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் சொல்கிறேன். உப்பும் சிப்பித் துகளும் தண்ணீரைக் கெடுக்கும். ஆற்று மணலைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசி இரண்டு அங்குலம் பரப்புங்கள். மணலுக்கு அடியில் தோட்ட மண் போட்டு வளர்க்கும் முறையும் உண்டு. டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999 இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நல்ல முறை. ஆனால் நம் ஊரில் மண் என்றால் அநேகமாக யூரியாவும் பூச்சிகொல்லியும் கண்ட வயல் மண். அதனால் தொடக்கக்காரருக்கு மணலே பாதுகாப்பு. கிரிப்டோகோரைன் வேரால் சாப்பிடும் செடி, அதன் அடியில் ஒரு உரக் குளிசையைப் புதைத்தால் காணும். தொட்டிச் செடிக்கென்றே விற்கும் குளிசை. வயலுக்குப் போடும் உரத்தை மட்டும் தப்பித்தவறியும் போட்டுவிடாதீர்கள்.

பைப் தண்ணீரில் குளோரீன் உண்டு. வாளியில் திறந்து ஒருநாள் வைத்தால் போய்விடும், அவசரமென்றால் கடையில் அதற்கென்று துளி மருந்து இருக்கிறது. மணலில் ஒரு பீங்கானை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றினால் மண் கிளறாது.

செடி: நடுவில் கிரிப்டோகோரைன் ஐந்தாறு. ஒரு கல்லிலோ வேர்க்கட்டையிலோ ஜாவா பேர்ன் அல்லது அனூபியாஸ். இவை இரண்டின் தடித்த கிழங்குத் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகும், நூலால் கல்லோடு கட்டிவிடுங்கள். பின்பக்கம் வேகமாக வளரும் செடி ஒன்று கட்டாயம் வேண்டும், ஆரம்பத்தில் அமோனியாவை உறிஞ்சுவது அதுதான். அதற்குக் கடைக்கும் போக வேண்டாம். ஒளித்தொகுப்புப் பரிசோதனையில் புனலைக் கவிழ்த்துக் குமிழி பிடிப்போமே, அந்த ஹைட்ரில்லா நம் குளங்களிலேயே கிடக்கிறது. கொண்டுவந்து ஒரு கிழமை தனி வாளியில் வைத்து நன்றாக அலசுங்கள். அட்டையும் தும்பிக் குடம்பியும் ஒளிந்து வரும். தும்பிக் குடம்பி சின்ன மீனைப் பிடித்துத் தின்னும்.

வெளிச்சத்துக்குச் சாதாரண வெள்ளை எல்ஈடி பல்ப் போதும், நாளுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம். கூட வைத்தால் பாசிதான் வளரும். பில்டரில் ஸ்பொஞ் பில்டரும் ஒரு சிறிய எயார் பம்ப்பும் தொடக்கத்துக்குத் தாராளம். அதை இரவு பகல் நிறுத்தக் கூடாது. "கரண்ட் பில் கூடும்" என்று இரவில் சுவிட்சை அணைப்பவர்கள் ஸ்பொஞ்சில் உள்ள பற்றீரியாவை மூச்சுத்திணறவைத்துக் கொல்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: 5 வாற் பம்ப் 24 மணித்தியாலம், 10 வாற் பல்ப் 8 மணித்தியாலம். மொத்தம் நாளுக்கு 200 வாற் மணித்தியாலம். மாதத்துக்கு 6 யூனிற்.

இனித்தான் கஷ்டமான பகுதி. ஒரு மாதம் ஒன்றும் செய்யாமல் இருப்பது.

செடி நட்டாயிற்று, வெளிச்சம் எரிகிறது, குமிழி வருகிறது, மீன் மட்டும் இல்லை. பிள்ளை நாளுக்கு நாலு தரம் "எப்ப மீன்?" என்று கேட்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனியை மட்டும் போடச் சொல்லுங்கள். அது அழுகி வரும் அமோனியாதான் பற்றீரியாவுக்குச் சாப்பாடு. நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு துண்டுப் பழைய ஸ்பொஞ் கேட்டு வாங்கிப் போட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும். முதல் கிழமையில் தண்ணீர் பால் போலக் கலங்கலாம். பயந்து முழுவதையும் மாற்றிவிடாதீர்கள், தானாகத் தெளியும். கண்ணாடியில் மண்ணிறத் தூள் போலப் படியும், அதுவும் போய்விடும். பிள்ளைக்கு ஒரு கொப்பி கொடுத்து, எத்தனை புது இலை, எந்த இலை கரைந்தது, தண்ணீர் எந்த நிறம் என்று தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். டியூஷன் கொப்பிகளை விட அந்தக் கொப்பியை நான் விரும்பி வாசிப்பேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மீனில்லாத தண்ணீர் என்றால் நுளம்பு. டெங்கு உள்ள ஊரில் இதை லேசாக எடுக்க முடியாது. அந்த ஒரு மாதமும் தொட்டியின் வாயை நுளம்பு வலையால் இறுக்கி மூடுங்கள். குளோரீன் போக வைக்கும் வாளியும் அப்படித்தான், ஒருநாளில் எடுத்துப் பாவித்துவிட வேண்டும், முற்றத்தில் மறந்துவிடக் கூடாது. பி.எச்.ஐ. வந்து எச்சரித்துவிட்டுப் போன பிறகு "சேர்தான் சொன்னார்" என்று என் பெயரைச் சொல்லாதீர்கள்.

மாத முடிவில், செடிகள் புது இலை விட்டு நிற்கின்றன, தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறது, மணமில்லை. பரிசோதனைப் பட்டி கிடைத்தால் அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியம் காட்ட வேண்டும். இப்போது மீன் வாங்கலாம். மூன்று மட்டும். இரண்டு கிழமை கழித்து இன்னும் மூன்று.

எந்த மீன்? நம் கரையோரக் கடினத் தண்ணீருக்குக் கப்பி, பிளாட்டி, மொலி பொருத்தம். ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் மாதாமாதம் குஞ்சு. ஆறு மாதத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் வாளியோடு வாய்க்காலைத் தேடிப் போவீர்கள். பைப் தண்ணீர் மென்மையாக உள்ள ஊர்களில், குறிப்பாக மலைநாட்டிலும் தெற்கிலும் இருப்பவர்கள், செரி பார்ப் வைக்கலாம். அதுவும் நம் நாட்டுக்கு மட்டுமே உரிய மீன். 1929 இல் பி.ஈ.பி. தெரணியகல அதை விவரித்தார். சிங்களத்தில் லே தித்தயா என்பார்கள். கூட்டமாக வாழ்வது, ஆறாவது இருக்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் அப்படியே இரத்தச் சிவப்பாகும், பச்சைச் செடிக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும். அதன் உறவுக்காரன் ஒன்றுக்குச் சிங்களத்தில் புலத் ஹப்பயா என்று பெயர், வெற்றிலை மெல்லுபவன். முகச் சிவப்பைப் பார்த்து எவ்வளவு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்! ஒன்றைக் கவனியுங்கள். பண்ணையில் வளர்த்ததா, ஓடையில் அள்ளியதா என்று கடையில் கேளுங்கள். நம் நாட்டு மீன்களில் சில மிகச் சிறிய இடத்தில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 1991 இல்தான் விஞ்ஞானத்துக்குத் தெரியவந்த பந்துல பார்ப் என்ற மீன், கலபிட்டமடப் பக்கத்தில் ஒரு சிற்றோடையை நம்பி வாழ்கிறது. அப்படியானவற்றை யாராவது பையில் போட்டு விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பைட்டர் மீனை ஜாம் போத்தலில் வைத்து விற்கிறார்கள். மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருப்பதால் அது போத்தலிலும் உயிரோடு இருக்கும். உயிரோடு இருப்பதும் வாழ்வதும் ஒன்றா என்று உங்களிடமே விடுகிறேன். ஒரேயொரு மீன் போதும் என்பவர்கள் செடியுள்ள 20 லீற்றர் தொட்டியில் ஒரு பைட்டரைத் தனியாக வைக்கலாம். அது உங்களை அடையாளம் கண்டு கண்ணாடியருகே வரும்.

பராமரிப்பு அதிகமில்லை. தீனி நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கிழமைக்கு ஒருநாள் தீனி இல்லை. கிழமைக்கு ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள், சவர்க்காரம் படாத தனி வாளியால். எடுத்த தண்ணீரை வாசலில் ஊற்றாமல் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுங்கள், நைத்திரேற்று உரம் இலவசம். வற்றியதற்கு மேலே நிரப்பிக்கொண்டே போவது தண்ணீர் மாற்றுவது ஆகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்புகள் உள்ளேயே தங்கிக் கூடிக்கொண்டே போகும். ஸ்பொஞ்சைக் கழுவுவது தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில். குளோரீன் உள்ள பைப் தண்ணீரில் பிழிந்தால் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்ததைக் கானில் ஊற்றிய மாதிரி.

இனிச் சொல்லப்போவது உங்கள் வீட்டை விடப் பெரிய விசயம். டேங்க் கிளீனர் வாங்காதீர்கள். கடையில் இரண்டு அங்குலத்தில் கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்பு மீன் ஓரடிக்கு மேல் வளரும் தென்னமெரிக்க மீன். வளர்ந்ததும் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "பாவம், கொல்ல மனமில்லை" என்று குளத்தில் விடுகிறார்கள். இரக்கம் என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் அந்த மீன் இன்று நாட்டின் பல குளங்களில் பெருகிவிட்டது. அதன் முள்ளும் ஓடும் வலையைக் கிழிக்கின்றன. வலையில் வருவது தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது என்று மீனவர்கள் கரையில் வீசுகிறார்கள். குளத்து மீனை நம்பி அடுப்பெரிக்கும் குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

செடியும் அப்படித்தான். ஆற்றுவாழை அதன் ஊதாப் பூவுக்காக இந்த நாட்டுக்கு அழைத்துவரப்பட்ட செடி. சில வருடங்களிலேயே, 1909 இல், அதைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. சட்டத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, ஆற்றுவாழை இன்னும் இருக்கிறது. சல்வீனியா 1939 இல் கற்பித்தல் தேவைக்காக வந்தது, ஒரு வாத்தியாராக இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாம் வாங்கியதை மட்டுமல்ல, கொடுத்ததையும் சொல்ல வேண்டும்: நம் பெக்கெட்டியை அமெரிக்காவின் டெக்சாஸில் சான் மார்கோஸ் ஆற்றுக்குள் யாரோ விட்டுவிட, அங்கே அது பரவி, அந்த ஆற்றின் மேற்பகுதியில் மட்டுமே உள்ள ஒரு காட்டு நெல்லினத்துக்கு ஆபத்தாகி, ஆட்களைவிட்டுப் பிடுங்க வேண்டி வந்தது. ஒரு ஓடைக்கு அழகு, இன்னொரு ஆற்றுக்குத் தொல்லை. ஆகவே வெட்டிய செடியை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். மீன் வேண்டாமென்றால் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் ஒன்றும் போகக் கூடாது.

சென்ற முறை இதைப் பற்றிச் சின்னதாக எழுதியபோது ஒரு சகோதரர், "மக்கள் சோற்றுக்குக் கஷ்டப்படும் காலத்தில் மீன் தொட்டி இஸ்ராஃப் இல்லையா சேர்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் அல்ல. அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணைப் பற்றி எச்சரித்ததும் நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டதுதான். வளர்க்கலாம், ஆனால் பொறுப்பு உண்டு என்றுதான் என் சிற்றறிவுக்குப் படுகிறது. செலவைச் சொன்னால், நான் இங்கே சொல்வது பழைய தொட்டி, ஆற்று மணல், குளத்துச் செடி. மூன்று மாதத்துக்கொரு முறை கோல்ட் பிஷ் வாங்கிப் புதைப்பதை விட மலிவு. உண்மையில் வசதியில்லாத வீட்டுக்கு இது தேவையே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

பாடசாலைகளில் ஒரு தொட்டி இருக்கட்டும். அதிபரின் அறை வாசலில் விருந்தாளிக்குக் காட்டும் தொட்டியைச் சொல்லவில்லை. வகுப்பறையில், பிள்ளைகளின் கையில். யார் தீனி போடுவது, யார் தண்ணீர் மாற்றுவது என்று முறை போட்டு, சுவரில் பதிவேடு தொங்கவிட்டு. நைதரசன் வட்டத்தைக் கரும்பலகையில் வரைந்து மனனம் செய்யவைப்பதை விட, "தண்ணீர் ஏன் கலங்கியது?" என்று அவர்களே வாதாடட்டும். "லீவு காலத்தில் என்ன செய்வது?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். மீன் குறைவாக, செடி நிறைய உள்ள தொட்டி ஒரு கிழமை தீனியில்லாமலே தாங்கும். நீண்ட விடுமுறையில் கிழமைக்கு இரண்டு நாள் ஒருவர் வந்து போனால் போதும். காவலாளியிடம் தீனிப் பக்கற்றை முழுதாகக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. நல்ல மனசோடு அரைப் பக்கற்றைக் கொட்டிவிடுவார். ஒருநாள் தீனியாகக் கடதாசியில் சுருட்டிச் சுருட்டிக் கொடுங்கள்.

கரண்ட் வெட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்தோமே, அந்த நாட்களில் மோட்டாரை மட்டும் நம்பி மீனை நெருக்கி அடைத்திருந்த தொட்டிகள் விடியும்போது மிதந்தன. செடியும் இரவில் ஒட்சிசன் எடுக்கும்தான், அதனால் செடி இருந்தால் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். ஆறு சின்ன மீனுக்கு 55 லீற்றர் என்றால் தாங்கும். இருபது மீன் என்றால் தாங்காது. வெட்டு நீண்டால் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி மேலிருந்து ஊற்றுங்கள்.

கடைசியாக ஒரு விசயம். என் வீட்டுத் தொட்டியில் கிரிப்டோகோரைன் பக்கக் கன்று நிறைய விட்டிருக்கிறது. பெருநாளுக்கு முந்திய சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். வேண்டியவர்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, மூடியுள்ள போத்தல் ஒன்றோடு வாருங்கள். ஆளுக்கு மூன்று கன்று, காசு வேண்டாம். பில்டரில் இருந்து பழைய ஸ்பொஞ் துண்டும் வெட்டித் தருகிறேன், அதை ஈரம் காயவிடாமல் கொண்டுபோக வேண்டும். மீன் கேட்காதீர்கள். தொட்டியின் படத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள், ஒரு மாதம் கழித்து அதைக் காட்டினால் ஆண் கப்பி மூன்று தருகிறேன்.